ஒரே மூச்சில் ஒரு வசவு

மூச்சு முட்டுகிறது என்று டாக்டர் காமாக்ஷியிடம் போகிறவர்கள் முதலில் யாரையாவது திட்ட வேண்டும். கொச்சியில், மட்டாஞ்சேரியிலும் சுள்ளிக்கல்லிலும் இது ஊரறிந்த சங்கதி. நெஞ்சில் குழாய் வைப்பது, படம் எடுக்கச் சொல்வது எல்லாம் அப்புறம்தான். வந்து உட்கார்ந்ததும், "நோக்கு ஆகவே ஆகாத ஒரு ஆளை நினைச்சுக்கோ. ஒரே மூச்சுல திட்டு. நடுவுல மூச்சு வாங்கப்படாது, கேட்டியா?" என்பார். ஆள் எத்தனை வார்த்தை தாண்டுகிறார் என்று விரலை மடக்கி எண்ணுவார். மற்ற டாக்டர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணச் சொன்னால் நோயாளி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அடக்கி வாசிக்கிறான், திட்டச் சொன்னால்தான் நெஞ்சின் அடியில் கிடக்கிற காற்றும் வெளியே வருகிறது என்பது அவர் கட்சி. மாமியார், மைத்துனன், வாடகைக்கு விட்டவர், பக்கத்து வீட்டு நாய் என்று அந்தச் சின்ன அறையில் வசவு வாங்காத ஜீவராசி குறைவு. தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி என நாலு பாஷை வசவுகளும் டாக்டருக்கு அத்துப்படி.

அவருக்கும் கோபத்துக்கும் இருந்த சிநேகம் பழையது. நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அப்பா வைத்தீஸ்வரன் சுக்கு, மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. மகள் மருத்துவம் முடித்து மேற்படிப்புக்கு நெஞ்சு நோய்ப் பிரிவைக் கேட்டபோது, சேர்க்கை அறையில் இருந்த பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "நல்ல மார்க் வாங்கியிருக்கே. எதுக்கு எச்சில் கிண்ணத்துல வந்து விழணும்? கண், குழந்தைன்னு பெண்களுக்குத் தோதா ஏதாவது எடுக்கலாமே" என்றார். அதுவரைக்கும் காமாக்ஷிக்கு அந்தப் பிரிவின் மேல் அப்படியொன்றும் காதல் கிடையாது. அந்த ஒரு பேச்சுக்காகவே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டு பிணவறைக்குப் போகிற வழியில் இருந்தது. ஜன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடி வைத்திருந்தார்கள். முன்கட்டில் நடமாடுகிற பெரிய மனிதர்களுக்கு இருமல் சத்தம் கேட்கக் கூடாதாம். காற்றுக்காக வந்து படுத்தவனுக்குக் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள்! மேலதிகாரியிடம் வாயால் சொன்னார், எழுதிக் கொடுத்தார், மறுபடி போய் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலை ரவுண்ட்ஸ் நடுவில் ஆக்ஸிஜன் சிலிண்டர் திறக்கிற ஸ்பானரை எடுத்து ஜன்னல் கண்ணாடிகளை வரிசையாக உடைத்தார். நோயாளிகள் கை தட்டினார்கள், தட்ட முடிந்தவர்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'உடைத்தது நான்தான். இன்னும் இரண்டு ஜன்னல் பாக்கி' என்று பதில் எழுதினார். அதன் பிறகு அவரைக் கண்டால் மேலதிகாரிகள் வேறு படிக்கட்டில் இறங்கினார்கள்.

வாத்தியாராக ஆன பிறகும் அந்தக் குணம் போகவில்லை. மருத்துவக் கல்லூரியில் அவரிடம் வருகிற மாணவர்கள் முதல் வாரம் புத்தகம் திறக்கக் கூடாது. கொச்சங்காடியில் இருக்கும் ஏதாவதொரு சுக்குக் கிடங்குக்குப் போய், சுண்ணாம்பு பூசிக் காயவைத்த சுக்கை அங்கே இருக்கிற பெண்களோடு உட்கார்ந்து நாள் முழுக்க முறத்தில் புடைத்துவிட்டு வர வேண்டும். மாணவர்கள் இதற்கு 'சுக்குக் கல்யாணம்' என்று பேர் வைத்திருந்தார்கள். புடைக்கப் புடைக்க இஞ்சிக் காரமும் சுண்ணாம்பும் சேர்ந்த வெள்ளைத் தூசி எழும்பும், கண் எரியும், தொண்டை கீறும். சாயங்காலம் தும்மிக்கொண்டு திரும்புகிறவர்களிடம், "ஒரு நாளைக்கே மூஞ்சி இப்படி ஆச்சா? அவா எல்லாம் இருபது வருஷமா அதைத்தான் தின்னுண்டிருக்கா. இனி புஸ்தகத்தை எடு" என்பார். பெற்றோர் புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்தவர் பிள்ளைக்கு இன்னொரு நாள் சுக்குக் கல்யாணம் நடந்தது.

அப்படிப் போய்வந்த ஒருவன் அனில். திருப்பூணித்துறையில் இருக்கும் தமிழ்ப் பையன், கெட்டிக்காரன். மூன்று நாள் விடாமல் இருமிவிட்டு நாலாம் நாள் டாக்டர் அறை வாசலில் நின்றான். "மேடம், அந்தப் பொம்மனாட்டிகள் ஒரு நாள் கூலியை விட்டுட்டு எர்ணாகுளம் வந்து ஊதிப் பார்க்கப் போறதில்லை. மெஷின் அவா கிட்ட போகணும்" என்றான். காமாக்ஷிக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷம் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று அவர் கணவர் இன்றைக்கும் சொல்லுவார்.

அப்போது மூச்சளக்கும் கருவி ஒரு மேஜையை அடைத்துக்கொண்டிருக்கும். அனில் படிப்பை முடித்து, இரண்டு இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒன்று செய்தான். குழாயில் ஊதினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்கில் ஒன்று எரியும். அதைச் சரிபார்க்க வருஷக்கணக்கில் இருவரும் கொச்சங்காடியில் அலைந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் யூசுபின் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கிடங்குகளிலிருந்து வெளியே வருகிற பெண்களைப் பிடித்து ஊதச் சொல்வார்கள். சந்தேகப்பட்டவர்களிடம் காமாக்ஷி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உங்க நெஞ்சு எவ்வளவு கெட்டுப் போயிருக்குன்னு நான் நாலு பேர் கண்ணுல விரலை விட்டுக் காட்டணும். அதுக்காக்கும் ஊதச் சொல்றது." ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களும் சுமை தூக்குகிற ஆண்களும் ஊதினார்கள். அந்த எண்களையெல்லாம் அனிலிடம் கொடுத்தார்.

ஓய்வு பெற்று சுள்ளிக்கல்லில் கிளினிக் போட்ட சமயத்தில் கருவி சந்தைக்கு வந்துவிட்டது. எர்ணாகுளத்தில் அனிலுக்குக் கம்பெனி, கண்ணாடிக் கதவு, நாற்பது பேர் வேலைக்கு. ஒவ்வொரு கருவியின் முதுகிலும் 'டாக்டர் காமாக்ஷியின் வழிகாட்டலில் உருவானது' என்று மூன்று மொழியில் ஒரு ஸ்டிக்கர். எதற்கும் மயங்காத மனுஷி இதற்கு மயங்கினார். ஒரு கருவியை சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

போன வருஷம் மழை ஓய்ந்த நேரத்தில்தான் வீரலட்சுமி வந்தாள். சாயாக்கடை யூசுப் வற்புறுத்தி ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊர். கல்யாணமான கையோடு கட்டட வேலைக்காரப் புருஷனுடன் கொச்சிக்கு வந்தவள். பதினெட்டு வருஷமாகக் கொச்சங்காடிக் கிடங்கு ஒன்றில் சுக்குப் புடைக்கிறாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். நகக்கண் நீலம் பாரித்திருந்தது. காமாக்ஷி வழக்கம்போல ஆரம்பித்தார்.

"யாரையாவது திட்டு."

"நான் யாரையும் திட்டிப் பழக்கமில்ல டாக்டரம்மா."

"ஆம்படையானை?"

"அது பாவம். வாயில்லாப் பூச்சி."

"வேலை வாங்கறவனை?"

"தங்கதுரை அண்ணனா? நம்ம ஊர்ப்பக்கத்து ஆளு. அவுகதான் ஜோலி வாங்கிக் குடுத்தாக."

காமாக்ஷிக்கு எரிச்சல் வந்தது. "செரி, எண்ணு. அதாவது தெரியுமோ?"

வீரலட்சுமி எண்ணினாள். எட்டு வந்ததும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அறுபத்திரண்டு வயதுக் காமாக்ஷி நாற்பது வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த மூச்சு வாங்குவார்.

அவ்வளவுதான், டாக்டருக்குச் சாமி வந்துவிட்டது. "இப்படி ஆகற வரைக்கும் என்ன பண்ணிண்டிருந்தே? கோயில் குளம்னு போக மாத்திரம் நேரம் இருக்குமே! டாக்டர்கிட்ட வர்றதுக்கு யார் காலைக் கட்டிப் போட்டா?"

"எனக்கு ஒண்ணுமில்லன்னுல்ல சொன்னாக" என்றாள் வீரலட்சுமி. மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். வருஷா வருஷம் கிடங்கில் ஊதிப் பார்த்துக் கொடுக்கிற அட்டை. அவள் படம், பேர், பக்கத்தில் பச்சை வட்டம். மூச்சு இயல்பாக உள்ளது என்று எழுதியிருந்தது. "போன வருசமும் பச்சை, இந்த வருசமும் பச்சை. வாசலோரமா சாக்குத் தைக்கிற எடம் இருக்கு, அங்க காத்து வரும், என்னய அங்க மாத்துங்கன்னு தங்கதுரை அண்ணன்கிட்ட கேட்டேன். மெசினே நல்லாருக்குன்னு சொல்லுது, ஒனக்கு மட்டும் என்ன நோக்காடுன்னு ஏசிட்டாக. எனக்கே சந்தேகமாப் போச்சு, டாக்டரம்மா. வேல செய்ய வளையாம ஒடம்பு நடிக்குதோன்னு."

காமாக்ஷி அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் அவர் பேர் மூன்று மொழியில் இருந்தது.

மூலை மேஜையில் மூடிக் கிடந்த தன் பழைய கருவியைத் திறந்து ஊதச் சொன்னார். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. அந்த வயசில், அந்த உயரத்தில், நல்ல நெஞ்சுள்ள பெண்ணுக்கு வரவேண்டியதில் பாதிகூட வரவில்லை. மூன்று தடவை ஊத வைத்தார். மூன்று தடவையும் அதேதான். மருந்து எழுதி, உறிஞ்சும் மருந்தை எப்படி இழுப்பது என்று காட்டிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினார். பிறகு உள்ளே போய் சாமி அலமாரியைத் திறந்து, பிள்ளையார் பக்கத்தில் இருந்த கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக எர்ணாகுளம் பஸ் ஏறினார். சாத்தியிருந்த கிளினிக் கதவைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மீதி நோயாளிகள் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

கம்பெனியில் அனில் ஏதோ கூட்டத்தில் இருந்தான். ஸ்நேஹா என்ற பாலக்காட்டுப் பெண் ஓடி வந்தாள். கருவிக்குள் ஓடுகிற கணக்கை எழுதுகிறவள். வயசு இருபத்தாறுதான் இருக்கும். காமாக்ஷியைப் பார்த்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், உங்க ஆராய்ச்சியை வெச்சாக்கும் நாங்க எல்லாம் பண்ணினது" என்று அவளாகவே கணினியைத் திறந்து விளக்க ஆரம்பித்தாள். மூச்சை அளந்தால் போதாது, எதோடாவது ஒப்பிட்டால்தானே கூடவா குறைவா என்று சொல்ல முடியும்? முதலில் ஆரோக்கியமானவர்களோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்த முதலாளிகள் முகம் சுளித்தார்கள். அப்போது அனில் சார் ஒரு யோசனை சொன்னார்.

"கொச்சிக்காரா நெஞ்சை வெளியூர்க்காரா நெஞ்சோட எதுக்கு ஒப்பிடணும், இந்த ஊருக்குன்னே ஒரு அளவு வெச்சா என்னன்னு கேட்டார் மேடம். அதான், நீங்க கொச்சங்காடியில எடுத்த ஆயிரம் பேரோட சராசரியை நூறுன்னு வெச்சோம்."

கெட்டுப்போன நெஞ்சுகளை ஊருக்குக் காட்டத்தான் காமாக்ஷி அந்தப் பெண்களைக் கெஞ்சி ஊத வைத்தார். அந்தக் கெட்டுப்போன நெஞ்சையே ஒழுங்கான நெஞ்சு என்று வைத்துவிட்டார்கள். தெருவே நொண்டினால் நொண்டுவதுதான் நடை என்று சொல்வது போல. இதற்குப் பிறகு அங்கே எவள் எப்படி மூச்சுத் திணறினாலும் பக்கத்தில் இருப்பவளும் அப்படித்தான் திணறுகிறாள், ஆகவே பச்சை.

"ஊது" என்று கருவியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

ஸ்நேஹா சிரித்துக்கொண்டே ஊதினாள். பச்சை எரிந்தது. கணினித் திரையில் நூற்றுக்கு நூற்று ஐம்பத்திரண்டு என்று வந்தது.

"ஒரு மனுஷிக்கு ஒண்ணரை நெஞ்சு எப்படி இருக்கும்? நீ என்ன யானையா?" என்றார் காமாக்ஷி. ஸ்நேஹாவின் சிரிப்பு நின்றது. திரையையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, பாவம்.

அனில் அதற்குள் வந்துவிட்டான். "மேடம், சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே."

"ஏன்டா, சுக்குக் கல்யாணம் பண்ணிண்டு மூணு நாள் இருமினது மறந்து போச்சா?"

கதவைச் சாத்தினான். சாத்தி என்ன பிரயோஜனம், கண்ணாடிக் கதவு. நாற்பது பேரும் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவனும் தன் நியாயத்தைச் சொன்னான். பழைய அளவை வைத்தால் பத்துக்கு ஏழு பேருக்குச் சிவப்பு எரியும். சிவப்பு எரிகிற கருவியை எந்த முதலாளி வாங்குவான்? வாங்கினாலும், சிவப்பு வந்தவளை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். "அவாளுக்கு ஜோலி போறதுக்குப் பதிலா ஒரு பச்சை விளக்கு எரிஞ்சா என்ன நஷ்டம் மேடம்? ரொம்ப மோசமா இருக்கறவாளை எப்படியும் கருவி பிடிச்சுடும்."

"எட்டு எண்ண முடியாதவளுக்குப் பச்சை எரியறது. இன்னும் எவ்வளவு மோசமாகணும்? பொணமா வந்து ஊதணுமா?" டாக்டரின் குரல் கடைசி மேஜை வரை கேட்டது. "நான் ரோகம்னு எடுத்துக் கொடுத்ததை நீ ஆரோக்கியம்னு வித்திருக்கே. அந்த மூச்செல்லாம் என்னை நம்பி ஊதினது. ஒரு வாரம் தரேன். அளவை மாத்து. இல்லைன்னா என் பேரை எடு. எடுத்துட்டு ஏன் எடுத்தேன்னு ஊருக்குச் சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

அனில் ஒரு வாரத்துக்குள் பேரை எடுத்துவிட்டான். அதோடு சரி. கருவியும் அளவும் அப்படியே இருக்க, முதுகில் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. காமாக்ஷி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மலையாளப் பத்திரிகையில், உள்பக்கத்தில், மழைச் செய்திக்குக் கீழே நாலு வரி வந்தது. தன் பழைய மாணவர்களுக்குப் போன் போட்டார். மேடம் சொன்னால் சரிதான் என்றார்கள். ஆனால் அனில் நல்ல பையன்தானே என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு போனையும் வைத்துவிட்டுக் காமாக்ஷி வீட்டுக்குள் இங்குமங்கும் நடந்தார். ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொண்டு கணவர் அவர் பின்னாலேயே நடந்தார்.

அந்த வாரம் வீரலட்சுமி மருந்து வாங்க வந்தாள். காமாக்ஷி பச்சை அட்டையின் கதையை ஒளிக்காமல் சொன்னார். அளவு வைத்ததில் நடந்த தப்பை மட்டும் சொன்னார். தன் பேரைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. கடைசியில், "நெஜமான ரிப்போர்ட் எழுதித் தரேன். சிவப்பு. கொண்டு போய் உங்க தங்கதுரை மூஞ்சியில காட்டு" என்றார்.

வீரலட்சுமி காகிதத்தை வாங்கக் கை நீட்டவில்லை. "சிவப்பக் காட்டுனா நாளைக்கே நின்னுக்கிடச் சொல்லிருவாக. பச்சன்னா அந்த ரூமுக்குள்ளயே கெடக்கணும். மஞ்சள்னு ஒண்ணு இருக்குதாம்ல? அத எழுதிக் குடுங்க டாக்டரம்மா. வாசல்பக்கம் போயிக்கிறேன்."

காமாக்ஷிக்குக் கோபம் தலைக்கேறியது. இல்லாத எண்ணை எழுதச் சொல்கிறாள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் காரியம் செய்ததில்லை. ஆனால் அவள் கேட்டதில் தப்பு எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. அதனாலேயே கோபம் இரட்டிப்பாகி வாய்க்கு வந்தது. "ஒருத்திக்குச் சிவப்புன்னா நிறுத்துவான். ரெண்டு பேருன்னாலும் நிறுத்துவான். எல்லாருக்கும் சிவப்புன்னா? உங்க முதலாளியும் தங்கதுரையும் முறத்தை எடுத்துண்டு உக்காந்து புடைப்பாளோ?"

ஆத்திரத்தில் வந்த பேச்சுதான். ஆனால் வீரலட்சுமி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "அதக் கூட வேல செய்யிற சேச்சிமார்கிட்ட கேட்டுட்டு வாரேன்" என்றாள்.

கேட்டுவிட்டு வர பத்து நாள் ஆயிற்று. எல்லாரும் ஊதச் சம்மதித்து அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: கடைசி ஆள் ஊதி முடிக்கிற வரைக்கும் யாருடைய எண்ணையும் யாரிடமும் சொல்லக் கூடாது, டாக்டர் வீட்டுக்காரரிடம்கூட. எவளுக்குத் தேவலை, எவளுக்கு மோசம் என்று தெரிந்துவிட்டால் ஒற்றுமை போய்விடும், தேவலையானவள் பின்வாங்கிவிடுவாள். காமாக்ஷி ஒப்புக்கொண்டார். டாக்டரின் பழைய கருவி வந்து இறங்கியதும் யூசுபின் கடை பெஞ்சு மறுபடி ஆஸ்பத்திரி ஆனது. சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேராக வந்து ஊதிவிட்டுப் போனார்கள். "இவாளுக்குச் சாயா இல்லைன்னு சொல்லிடப்படாது" என்று டாக்டர் யூசுபை மிரட்டினார். தங்கதுரை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். "நீயும் உக்காந்து ஊது, ஓசிதான்" என்றார் காமாக்ஷி. அவன் வரவில்லை. இரண்டாம் நாள் வந்து ஊதினான். ஊதிவிட்டுத் தன் எண்ணைக் கேட்டான். சொல்லவில்லை.

புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களைத் தவிர எல்லாருக்கும் சிவப்பு. தங்கதுரைக்கும் சிவப்பு.

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றுகிற நாளன்று காலையில் பெண்கள் புடைக்கிற அறைக்குள் போகாமல் முற்றத்திலேயே உட்கார்ந்தார்கள். அவரவர் ரிப்போர்ட் அவரவர் மடியில். கோஷம் எதுவும் போடவில்லை. போடுகிற அளவுக்குக் காற்று யாரிடமும் கிடையாது. கப்பல் காத்திருக்காது, முதலாளி வந்தார், கத்தினார், போலீஸ் என்றார். காமாக்ஷியும் வந்தார். அவருக்கு மட்டும்தான் அங்கே முழு நெஞ்சு இருந்தது, அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் கத்தினார். கொச்சங்காடி அன்றைக்குக் கேட்ட வசவுகளைச் சாயாக்கடையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் முதலாளி இறங்கி வந்தார். புடைப்பது இனிமேல் வெளி முற்றத்தில். உள்ளே தூசி உறிஞ்சும் இயந்திரம். நெஞ்சு ரொம்ப மோசமாக இருக்கிறவர்கள் வாசலோரம் சாக்குத் தைக்க. சரக்கு ஏறியது.

இதோடு முடிந்திருந்தால் காமாக்ஷி கொஞ்சம் தூங்கியிருப்பார். அனிலின் கருவி வேறு ஊர்களில் பச்சை காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்நேஹா மட்டும் வேலையை விட்டுவிட்டு, பழைய அளவை வைத்து வேறொரு கருவி செய்ய முடியுமா என்று சனிக்கிழமைகளில் சுள்ளிக்கல் வந்து போகிறாள். அவளுக்கும் முதல் நாளே சுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

மூன்று மாதம் கழித்து வீரலட்சுமியை ஊத வரச் சொல்லியிருந்தார். வாசல் காற்றில் வேலை செய்வதால் முகம் தெளிந்திருந்தது, நகத்தில் நீலம் இல்லை. டாக்டருக்கு வாங்கிய பலகாரப் பொட்டலம் கையில் இருந்தது. ஊதினாள். காமாக்ஷி எண்ணைப் பார்த்தார்.

"குறையலை."

"ஏறியிருக்கா டாக்டரம்மா?"

"இல்லை."

"போகப் போக ஏறும்ல?"

நோயாளியிடம் பொய் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது. "ஏறாது. இனி கொறையாம பார்த்துக்கலாம். போனது போனதுதான்."

வீரலட்சுமி பொட்டலத்தை மேஜையில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். காமாக்ஷி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினார். "செரி, இன்னிக்காவது திட்டு. எத்தனை வார்த்தை வருதுன்னு பார்ப்போம்."

"உங்கள ஏசலாமா?"

காமாக்ஷி நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்தது. "ஏசு" என்று விரல்களை விரித்துக்கொண்டார்.

"அட்டையில உங்க பேரு போட்டிருந்துச்சு. எனக்கு மூச்சு முட்டுறது எனக்குத் தெரிஞ்சுது. உங்க பேருதான் அப்படி இல்லன்னு சொல்லுச்சு. என் நெஞ்ச நம்பாம உங்க..."

அதற்கு மேல் வரவில்லை. ஒரு கை மேஜையைப் பிடித்தது, தோள் ஏறி இறங்கியது, கண் மட்டும் டாக்டரை விடவில்லை. காமாக்ஷி உறிஞ்சும் மருந்தை எடுத்து நீட்டினார். வீரலட்சுமி இழுத்துக்கொண்டாள். டாக்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

"மூச்சு வாங்கிண்டு சொல்லு."

அடுத்த நோயாளி கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். காமாக்ஷி எழுந்து கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் யாருடைய வசவையும் அவர் முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் மடக்கித் திருப்பித் திட்டித்தான் பழக்கம். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. வீரலட்சுமி நாலு வார்த்தை பேசினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி நாலு வார்த்தை பேசினாள். எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. நல்ல நெஞ்சு இருக்கிறவளுக்கு அது ஒரு நிமிஷ வசவு.